கடல் தெரியாத கடற்கரைச் சாலை: வாசகர் கேள்வி – பதில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள இயற்கை இடங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: பொங்கல் விடுமுறையில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை இந்தச் சாலையிலேயே காரில் செல்ல எண்ணியிருக்கிறோம். கோயில்களையெல்லாம் முன்பே பார்த்துவிட்டோம். இம்முறை இயற்கையை மட்டும் பார்க்க விருப்பம். ஆனால் முன்பு புதுச்சேரி வரை சென்றபோது வழியில் பெரும்பாலும் கடலே கண்ணில் படவில்லை. இந்தச் சாலையின் புகழ் வெறும் பேச்சுதானா? நான்கு நாள் போதுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: சாலையிலிருந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்துக் கிளம்பியவர்கள் அனைவருக்கும் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்கும். மலை கடலுக்குள் இறங்கும் நாடுகளில் சாலையைப் பாறை விளிம்பில் வெட்டுகிறார்கள். வண்டியின் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் அலையுமாக இருக்கும். நம் சோழ மண்டலக் கரையோ தாழ்வானது. கரையை ஒட்டி மணல் மேடு, அதன் பின்னால் கடல்நீர் ஏறி இறங்கும் கழி, அதற்கும் பின்னால் சற்று உயர்ந்த நிலம் என்று அது அமைந்திருப்பதால், சாலை பெரும்பாலும் அந்த மூன்றாவது வரிசையிலேயே ஓடுகிறது. திருவான்மியூர் தொடங்கி மாமல்லபுரம் வரை மீதமிருந்த இடைவெளிகளையும் மதில்களும் கேளிக்கைப் பூங்காக்களும் விடுதிகளும் அடைத்துவிட்டன.

ஆகவே கடலைத் தேடுவதை விட்டுவிட்டுப் பாலங்களைக் கவனியுங்கள் என்பதே என் பரிந்துரை. ஒவ்வொரு நீண்ட பாலமும் ஓர் ஆறோ கழியோ கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. இந்தக் கரையில் பார்க்கத் தக்க இயற்கையில் பெரும்பகுதி அந்தக் கலப்பு நீரைச் சார்ந்தே வாழ்கிறது. முட்டுக்காட்டில் கோவளம் கழி, மரக்காணத்தில் கழுவெளி, சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம், காவிரிப் படுகையின் தென்கோடியில் கோடியக்கரையும் முத்துப்பேட்டையும் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், சாலை திடீரென்று பொருளுடையதாகிவிடும்.

நான்கு நாள் போதும், ஆனால் எல்லாவற்றையும் பார்க்கப் போதாது. முதல் நாள் மரக்காணத்தில் நின்று புதுச்சேரியில் தங்கலாம். இரண்டாம் நாள் காலையில் பிச்சாவரத்தை முடித்துக்கொண்டு, இரவுக்குள் நாகப்பட்டினமோ வேதாரண்யமோ சேர்ந்துவிட வேண்டும். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகச் செல்லும் இந்தப் பகுதியில் ஊர்களும் நெரிசலும் மிகுதி என்பதால் வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். மூன்றாம் நாள் விடியலைக் கோடியக்கரைக்குக் கொடுங்கள். நான்காம் நாள் தனுஷ்கோடி. முத்துப்பேட்டையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுவதே நல்லது; அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கேள்வி: மரக்காணம் அருகே உள்ள கழுவெளியை ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று படித்தேன். கோடையில் சென்று பார்த்தபோது வெடித்த சேறுதான் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது? (வாசகி, திண்டிவனம்)

பதில்: நீங்கள் பார்த்தது சரியான ஏரி, சென்றதுதான் தவறான மாதம். கழுவெளி ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருக்கும் நீர்நிலை அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அதில் சேர்கின்றன. மறுமுனையில் இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. ஆக, ஒரு பக்கம் நன்னீரும் மறுபக்கம் உவர்நீரும் நடுவில் இரண்டும் கலந்த நீருமாக 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. மார்கழியிலும் தையிலும் அங்கே போய்ப் பாருங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும், உள்ளூர் நாரைகளும் கூழைக்கடாக்களும் அவரவர்க்கு ஏற்ற ஆழத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். பங்குனிக்கு மேல் நீர் வற்றத் தொடங்கும். அப்படி வற்றுவதும் அந்த நீர்நிலையின் இயல்புதான்.

2021ஆம் ஆண்டு இறுதியில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அறிவிப்புக்கு முன்பு ஓரங்களில் இறால் பண்ணைகளும் ஆக்கிரமிப்புகளும் ஏரியைக் கடித்துக்கொண்டிருந்தன என்பதால், சட்டப் பாதுகாப்பு தாமதமாகவேனும் வந்ததில் மகிழ்ச்சியே. தொலைநோக்கி இல்லாமல் போனால் பறவைகள் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடையில்தான் செல்ல முடியும் என்றால் ஏரிக்குப் பதிலாக மரக்காணத்து உப்பளங்களைப் பாருங்கள். மழை விட்ட பின் பாத்தி கட்டத் தொடங்கி, வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். மழைக்காலம் தொடங்கியதும் வேலை நின்றுவிடும். வரப்புகளில் இறங்கி நடப்பதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. அது அவர்களுடைய வயல்.

கேள்வி: சென்னை மெரினாவில் கடலைத் தொட வெகுதூரம் மணலில் நடக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரியிலோ கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கற்களைத்தான் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரே கடலில் ஏன் இந்த வேறுபாடு? (கல்லூரி மாணவர், விழுப்புரம்)

பதில்: இந்தக் கேள்விக்கான விடை தெரிந்தால் இந்தச் சாலையில் பார்க்கும் பாதிக் காட்சிகளுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதற்கு முன்பின்னாகவும் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் அது தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் எந்தச் சுவரும் தன் தென்பக்கத்தில் மணலைத் தேக்கி, வடபக்கத்தைப் பட்டினி போடும்.

சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870களில் தொடங்கிய பின், அதன் தெற்கே மணல் சேரச் சேர மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டுக் கல்சுவர் போட வேண்டியதாயிற்று. புதுச்சேரியிலும் நடந்தது இதுவே. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. அதற்கு வடக்கேதான் நகரம் இருக்கிறது. எனவே நகரத்தின் கடற்கரை மெல்ல மெல்ல மறைந்து கற்கள் மட்டும் மிஞ்சின. முகத்துவாரத்துக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் மட்டும் நல்ல மணற்பரப்பு உண்டு. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் பன்னாட்டளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற ஈடன் கடற்கரை அதுதான்.

நகரத்தின் முன்னால் இப்போது மறுபடியும் கொஞ்சம் மணல் தெரிகிறதே என்று அண்மையில் சென்றவர்கள் கேட்கலாம். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டு 2018இல் நிறைவடைந்தது. அலையின் வேகத்தை அது தணிப்பதால் மணல் தங்கத் தொடங்கியது. ஆனால் ஓரிடத்தில் தங்கும் மணல் வேறோர் இடத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல் அல்லவா? புதுச்சேரியைத் தாண்டி வடக்கே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவக் குப்பங்களில் வீடுகளைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. கடற்கரைச் சாலையில் உலாவிவிட்டுத் திரும்பும் பயணி, வண்டியை ஐந்து நிமிடம் அங்கே நிறுத்திப் பார்த்தால் மணலின் மதிப்பு விளங்கும்.

கேள்வி: அலையாத்திக் காட்டைப் பார்க்கப் பிச்சாவரம் செல்வதா, முத்துப்பேட்டை செல்வதா? இரண்டும் ஒன்றுதானே? (வாசகி, மதுரை)

பதில்: ஒன்றில்லை. பரப்பில் பெரியது முத்துப்பேட்டை. மாநிலத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அதுதான். ஆனால் முதன்முறை பார்க்கப் போகிறவர்களைப் பிச்சாவரத்துக்குத்தான் அனுப்புவேன்.

பிச்சாவரத்தில் காடு கைக்கெட்டும் தொலைவுக்கு வருகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையிலிருந்து துடுப்புப் படகும் விசைப்படகும் கிடைக்கும். துடுப்புப் படகையே எடுங்கள். விசைப்படகு அகன்ற கால்வாயில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடும், அதன் இரைச்சலில் மீன்கொத்திகூட உட்கார்ந்திருக்காது. துடுப்புப் படகு மட்டுமே நுழையும் குறுகிய கால்வாய்களில் இரு கரையிலும் சுரபுன்னை நிற்கும்; தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றும் வேர்களைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட பச்சைக் காய்போலத் தொங்கி, முற்றியதும் கூர்முனை கீழாக விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும். சற்று உள்ளே, மேடான சேற்றில் வெண்கண்டல் இருக்கும். அதன் வேர்கள் மூச்சுக்காகச் சேற்றுக்கு மேல் விரல் விரலாக நிமிர்ந்திருக்கும். இலையில் படியும் உப்பை நாவால் தொட்டே அறியலாம். ஆனால் தெரியாத மரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், ஏனெனில் சிதம்பரத்தின் தல மரமான தில்லையும் இந்தக் காட்டைச் சேர்ந்ததே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இந்தக் காட்டின் ஒரு பகுதி மனிதர்கள் திரும்ப வளர்த்தது என்பது பலருக்குத் தெரியாது. பழைய காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் சேறு தாழ்ந்து பள்ளமாகி, ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து உப்பு ஏறிவிட்டது. அங்கே எந்த விதையும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 ஆழிப்பேரலையின்போது அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாகக் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு கூறியது. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தது காரணமாகாதா என்று வேறு சில அறிவியலாளர்கள் கேட்டார்கள். இரு தரப்பையும் படித்தவரையில், காடு ஓரளவு காத்தது, முழுவதும் அதன் பெருமையன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

முத்துப்பேட்டை வேறு வகை. கோரையாற்றின் வழியே படகில் நெடுந்தொலைவு சென்று காயலை அடைய வேண்டும். வனத்துறையின் அனுமதி தேவை. காவிரி நீர் கடைமடை வரை வருவது குறைந்துவிட்டதால் உவர்ப்பைத் தாங்கும் வெண்கண்டலே அங்கே பெரும்பாலும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. பிச்சாவரத்தைப் பார்த்து, அதில் மனம் சென்றவர்கள் இரண்டாவதாகப் போக வேண்டிய இடம் இது. இன்னும் தெற்கே செல்பவர்களுக்கு இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகுப் பயணம் உண்டு, கூட்டம் குறைவு.

கேள்வி: வழியில் எங்கே கடலில் இறங்கிக் குளிக்கலாம்? (வாசகர், ஈரோடு)

பதில்: உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும். கோவளத்தில் நீலக்கொடிக் கடற்கரை உண்டு. மாமல்லபுரம் பக்கம் அலை கரையருகிலேயே ஆழத்துக்கு இழுக்கும். முகத்துவாரங்களில் நீர் அமைதியாகத் தெரியும்போதே அடியில் ஓட்டம் இருக்கும். குழந்தைகள் கால் நனைக்க ஆசைப்பட்டால் இராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள அரியமான் வரை பொறுத்திருங்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் வாடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே பெரும்பாலும் சிற்றலைதான். உங்கள் பயணம் தை மாதத்தில் என்றால் அங்கேயும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: கோடியக்கரையில் மானும் பூநாரையும் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். உறுதியாகத் தெரியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மானுக்கு ஏறக்குறைய உறுதி தரலாம், பூநாரைக்குத் தர முடியாது.

வெளிமானைக் காப்பதற்கென்றே 1967இல் அமைக்கப்பட்ட சரணாலயம் அது. ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பும் கருமை படர்ந்த முதுகும் இருக்கும். பெண்ணும் குட்டியும் செம்பழுப்பு. புல்வெளியில் மேய்வதால், காட்டு விலங்குகளைப் பார்க்க நெடுநேரம் காத்திருக்கும் தொல்லை இங்கே இல்லை. விடிந்தவுடன் போய்விடுங்கள். காட்டுக்குதிரைகள் என்று பிள்ளைகள் கூவுவார்கள். அவை வளர்ப்பிலிருந்து விடுபட்டுப் பல தலைமுறைகளாகத் தாமே திரியும் மட்டக்குதிரைகள். மானுக்கான புல்லில் அவையும் பங்கு கேட்கின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, புல்வெளியையே விழுங்கிவரும் சீமைக்கருவேலம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேதாரண்யம் சதுப்பில் நீர்மட்டம் சரியாக இருந்தால் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வரும். மழை மிகுந்து ஆழம் கூடினாலும், குறைந்து சேறு காய்ந்தாலும் இடம் மாறிவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால்வளையமிட்டு ஆய்கிறார்கள். 2002இல் தமிழகத்தின் முதல் ராம்சர் இடமாக இது ஆனதற்கு அந்தப் பதிவுகளும் காரணம். வழிகாட்டியாக வரும் உள்ளூர்க்காரரிடம் இந்த வாரம் பறவை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கையேட்டுக்கும் தெரியாது. மறவாமல் காட்டுக்குள்ளும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். உலக்கைப் பாலை மண்டிய அந்த வறண்ட பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுகிலும் இருந்த வகை. இப்போது துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: ஆமை முட்டையிடுவதை இரவில் பார்க்க முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் ஊரிலேயே முடியும். பங்குனி ஆமை சனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் ஏறி, ஒரு குழியில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து வருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. வாரஇறுதி நடையில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். தாய் ஆமையைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆவதால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கும் வாய்ப்பே கூடுதல். கைபேசி விளக்கை அடிக்காதீர்கள். ஒளி இருக்கும் பக்கம் கடல் என்று நம்பித்தான் குஞ்சுகள் ஓடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் விளக்கு வரிசை அவற்றைத் திசைமாற்றுவதைச் சொன்னால் விடுதிக்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2025 சனவரியில் இதே கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறுவதே இத்தகைய சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. கரையோரத்தில் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது.

கேள்வி: மனோரா பக்கம் கடற்பசுவைப் பார்க்கலாமா? (பள்ளி ஆசிரியர், பட்டுக்கோட்டை)

பதில்: பார்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடலடிப் புல்லை மேயும் அந்தக் கூச்ச விலங்கு, மூச்சுவிட ஒரு கணம் மூக்கை நீட்டிவிட்டு மூழ்கிவிடும். வாழ்நாள் முழுவதும் அந்தக் கடலில் தொழில் செய்யும் மீனவர்களே எப்போதோதான் காண்கிறார்கள். மாணவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால், வலையை அறுத்து, சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர் ஒருவரைத் தேடிப் பேச வையுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடியில் இரண்டு கடல் சேர்வது கண்ணுக்குத் தெரியுமா? மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குச் செல்லலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நிறத்தில் கோடு கிழித்தாற்போல எல்லா நாளும் தெரியாது. வேறுபாட்டை அலையில் பாருங்கள். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இராமேசுவரத்தார் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கே ஆண்கடல் கொந்தளிக்கும்போது வடக்கே பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடையில் பெண்கடலும் சினம் கொள்ளும். 1964 டிசம்பர் புயலில் ஊரும் இருப்புப்பாதையும் அழிந்த பிறகு, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. முனையில் பெருங்கூட்டம் இருக்கும். நான் பரிந்துரைப்பது அதற்கு முன்பாகச் சாலையோரத்தில் இருக்கும் உப்பங்கழிகளை. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே இறங்குகின்றன. 2025இல் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. முனையில் கடலில் இறங்கவே வேண்டாம்.

தீவுகளைப் பொறுத்தவரை, இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி எந்தத் தீவிலும் காலடி வைக்கக் கூடாது. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க எதுவுமின்றி இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. வெட்டு நின்றாலும் கடல் சூடேறிப் பவளம் வெளிறுவது நிற்கவில்லை. 2010லும் 2016லும் கடுமையாகவே நேர்ந்தது. வனத்துறையின் கண்ணாடி அடித்தளப் படகு ஓடும் நாளில் ஏறிப் பாருங்கள். நீர் கலங்கியிருந்தால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: தூத்துக்குடிக்கு அப்பால் ஏதேனும் உண்டா, இல்லை இராமேசுவரத்தோடு திரும்பிவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரு நாள் கையில் இருந்தால் திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரிக்குச் செல்லுங்கள். கடலோரம் என்றால் வெண்மணல் என்று பழகிய கண்ணுக்கு அந்தச் செம்மணல் மேடுகள் வேறு நாடாகத் தோன்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்று நெடுங்காலமாக வாரிக் குவித்த மணல் அது. துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் சிவந்தது. நகர்ந்துகொண்டிருந்த மேடுகளை மரம் நட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பனையும் முந்திரியும் நிற்கும். காற்று மாதங்களில் போனால் கண்ணைத் திறக்க முடியாது. மாசியில், வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் நடந்துவிட்டு, அங்கிருந்து மணப்பாட்டு மேட்டுக்குப் போய்விடலாம்.